திருகோணமலை குவாண்டம் வட்டம்: உண்மையான கணினியில் ஓட்ட முன்

தம்பி தங்கைமாருக்கு வணக்கம்.

ஐபிஎம் நிறுவனத்தின் உண்மையான குவாண்டம் கணினிகளில் ஓட்ட, இலவசக் கணக்கில் 28 நாளுக்கு 10 நிமிட இயக்க நேரம்தான். அதைப் பரீட்சித்துப் பார்ப்பதிலேயே கரைக்காதீர்கள். முதலில் மடிக்கணினியில் ஏர் (Aer) சிமுலேட்டரில், அதாவது குவாண்டம் கணினியைப் போலச் செய்துகாட்டும் மென்பொருளில், ஓட்டுங்கள். 28 கியூபிட்டுக்கே (குவாண்டம் பிட்) 4 ஜிபி நினைவகம் போகும், ஒன்று கூடினால் அது இரட்டிக்கும். 8 ஜிபி மடிக்கணினிக்காரர் 25க்குள் நிற்பது நல்லது.

பழைய யூடியூப் பாடங்களில் சுற்றை (கியூபிட்டுகளில் செய்யும் படிகளின் தொடர்) ஓட்டும் ‘எக்ஸிகியூட்’ (execute) கட்டளை, ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் தொகுப்பான கிஸ்கிட்டின் (Qiskit) 2024 பெப்ரவரியில் வந்த 1.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சுற்றை டிரான்ஸ்பைல் செய்து (அந்தச் சிப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி), அதை ஓட்டி அளவீடுகளைத் தரும் சாம்ப்ளரிடம் (Sampler) கொடுங்கள்; அப்படி மாற்றாத சுற்றை உண்மையான சிப் ஏற்காது. விடையில் வலது ஓரத்து பிட்தான் 0ஆம் கியூபிட். அநேகம் பேர் தடுமாறுவது இங்கேதான்!

நிலாவெளிப் பக்கம் இணைப்பு அறுந்தாலும் வரிசையில் போட்ட வேலை அழியாது. அதன் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு எடுக்கலாம்.

பௌதிகம், கணிதம் முடிக்கும் கோணேசபுரி வளாகப் பிள்ளைகள் இத்தாலி திரியெஸ்டேயில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையத்தின் (ஐசிடிபி, ICTP) டிப்ளோமாவைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வருடம், வளர்முக நாட்டவருக்கு உதவித்தொகையுடன். 2025 பௌதிக நோபல் மீகடத்திச் சுற்று ஆய்வுக்கே போனது. அந்தத் துறையில் நாட்டமுள்ளவர்கள் அங்கே செறிபொருள் பௌதிகப் (Condensed Matter Physics) பிரிவைத் தெரிவுசெய்யலாம். முடிவுத் திகதியை அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள். சிபாரிசுக் கடிதம்தான் இழுபடும், விரிவுரையாளரிடம் இப்பவே சொல்லி வையுங்கள்.