அம்மம்மாவின் 6 மணி மருந்து

ஆரையம்பதி

அன்புள்ள மகனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலை கூட என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். சரி. காசு மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. பெற்றால் இப்படிப் பிள்ளை பெறவேண்டும் என்று கோயிலடியில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

அம்மம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததைக் கைவிட்டதாக நினைக்காதே மனே. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று. நீ சொல்கிறாய் என்று திரும்பவும் கொழும்புக்கு ஏற்றினால், மிச்ச நாளும் வானுக்குள்ளும் ஆஸ்பத்திரி வாங்கிலும்தான் போகும். இப்போது 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மோர்பின் குடுக்கிறோம். வலி வந்த பிறகு இல்லை, வராமல் இருக்கவே மணி பார்த்துக் குடுப்பது. அடிமையாகிவிடுவார் என்று பயந்தாயே, வலிக்கு அளவாகக் குடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்றார் நர்ஸ் மிஸ்ஸி. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. சாமத்து மருந்துக்கு எழும்புவது உன் அப்பா. நம்பமாட்டாய்.

நீ இருக்கிற லண்டனில்தான் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற டொக்டர் இப்படியானவர்களுக்கென்றே சென் கிறிஸ்தோப்பர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினாராம். இதுவும் வைத்தியம்தான். கைவிட்டதில்லை.

சாப்பாடு இறங்குவதில்லை. வற்புறுத்தினால் புரைக்கேறும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுகிறேன். இளநீர் என்றால் மட்டும் நாக்கை நீட்டுவார். படுக்கைப் புண் வராமல் நானும் தங்கச்சியும் மாறி மாறிப் புரட்டிவிடுகிறோம்.

செவ்வாய்க்கிழமை சீட்டுக் கொப்பியை எடுத்து வாசிக்கச் சொன்னார். காசு தர இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் "விடு பிள்ளை" என்று விரலை அசைத்தார். சின்ன மாமாவின் பேர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஏனென்று உனக்கு விளங்கும். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குக் குடுக்கிற நெல்லை இனி நான் பார்க்கவேண்டுமாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கனநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை.

உன்னை வா என்று நான் சொல்லவில்லை. லீவும் டிக்கெட்டும் உன் பாடு. பேச்சு குறைந்துவிட்டது, காது கேட்கிறது. போனைக் காதோடு வைத்துவிடுவேன், என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் அங்கே குளிரா மழையா என்று சொல்லு. பின்னேரம் 6 மணி மருந்து குடுத்து அரை மணித்தியாலத்தில் தெளிவாக இருப்பார். உனக்கு அது மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டே பேசு, போனைச் சாட்டிச் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா