யாழ்ப்பாணக் கடல் நீரேரியில் பொதுப் படகோட்டக் கொட்டகை ஒன்றிற்கு இடமும் அனுமதியும் கோரும் மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மூன்று ஊர்ப் பெற்றோர் சிலரும் நானும் சேர்ந்து இம்மனுவை எழுதுகிறோம். பண்ணைக்கும் குருநகருக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு படகுக் கொட்டகைக்கு இடம் ஒதுக்கி, மாணவர்கள் துடுப்பு வலிக்கும் படகோட்டம் பயில அனுமதி வழங்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

எங்கள் நாட்டுத் தமிழில் துடுப்பாட்டம் என்றால் கிரிக்கெட். அதற்கு இந்த நகரில் குறைவில்லை. 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமரைப் பார்க்க ஊரே திரளும். ஆனால், தண்ணீரில் வலிக்கும் துடுப்புக்கு இங்கே களமே இல்லை. என் மாணவர்களின் பாட்டன்மார் சவள் என்னும் துடுப்பை வலித்துத் தோள் முறுகியவர்கள்; மரக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளியவர்கள். இயந்திரம் வந்த பிறகு அந்தக் கை பழக்கம் இழந்தது. இன்னும் ஒரு தலைமுறை போனால் அதைச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்காது.

பிள்ளைகள் தண்ணீரை விட்டு விலகியதற்கு அச்சமும் ஒரு காரணம், ஐயா. போரினால் ஆனையிறவு, பூநகரிப் பாதைகள் மூடப்பட்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடல் நீரேரியை இருட்டில் கடந்தவர்களில் நானும் ஒருவன். விளக்கில்லாத வள்ளத்தில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த தாயை இன்னும் மறக்கவில்லை. அன்று அப்படி இருந்தவர்கள் இன்று தங்கள் பேரப்பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971 இல் அதே நீரிணையைப் போகவும் திரும்பவும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனும் இதே குடாநாட்டில் பிறந்தவர்கள். அந்தத் துணிவு எங்கள் பிள்ளைகளிடம் இல்லாமல் போய்விடவில்லை.

படகோட்டத்திற்கு நாடு புதிது அல்ல. கொழும்பின் பேர வாவியில் 1864 முதல் படகோட்டக் கழகம் இருக்கிறது. சென்னை அடையாற்றங்கரைக் கழகம் 1867 இல் தோன்றியது. இரு நகரங்களுக்கும் இடையிலான போட்டி 1898 இல் தொடங்கியது. அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே கிடக்கிறது யாழ்ப்பாணம். எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தக் கதை தெரியாது.

எனினும் நான் அதிகம் சொல்லிக்கொடுத்த கதை பிரேசிலுடையது. றியோ டி ஜெனெய்ரோவின் பிளமெங்கோ உலகறிந்த உதைபந்தாட்டக் கழகம். அதன் முழுப்பெயரில் இன்றும் படகோட்டம் என்ற சொல் இருக்கிறது. 1895 இல் ஒரு படகுக்காகக் கூடிய இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். உதைபந்தாட்டம் 1911 இல்தான் அங்கே நுழைந்தது. பின்னர் கூடைப்பந்து, நீச்சல், ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று அது பெருகியது. கடற்கரைக் கொட்டகை ஒன்று நகரத்தின் விளையாட்டுத் தாய்வீடாக மாறிய வரலாறு அது.

அதே நகரில் 1898 இல் படகுக் கழகமாகத் தொடங்கிய வாஸ்கோ ட காமா 1904 இலேயே கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தது. 1923 இல் கறுப்பினத்தாரையும் கூலித் தொழிலாளரையும் கொண்ட அதன் உதைபந்தாட்ட அணி சம்பியனானது. மறு ஆண்டு மற்றப் பெரிய கழகங்கள் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, சேர விரும்பினால் பன்னிரண்டு வீரர்களை நீக்க வேண்டும் என்றன. வாஸ்கோ மறுத்து எழுதியது. மூன்று ஆண்டுகளில் சொந்த மைதானத்தையும் ஆதரவாளர்களின் பணத்தில் கட்டி முடித்தது.

இதை நான் காரணத்துடன் சொல்கிறேன். 1879 இல் இங்கிலாந்தின் ஹென்லி படகோட்ட விழா, கைத்தொழில் செய்பவரையும் கூலிக்கு உழைப்பவரையும் தன் போட்டிகளில் சேர்க்காமல் விதி செய்தது. அந்தத் தடை நீங்க 1937 வரை சென்றது. உழைப்பாகப் படகு வலித்தவனை வெளியே நிறுத்திவிட்டு, பொழுதுபோக்காக வலித்தவனை மட்டும் உள்ளே விட்டார்கள். நாங்கள் கேட்கும் கொட்டகை அப்படி ஆகக்கூடாது. உறுப்பினர் கட்டணமும் சிபாரிசும் வேண்டாம். மாவட்ட விளையாட்டுப் பிரிவின் பொறுப்பில், மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் இடம் கொடுத்து, எல்லாப் பாடசாலைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும்.

நீரேரி ஆழமற்றது, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றில் அலை எழும்பும் என்று சொல்வார்கள். உண்மைதான். 14 கிலோ எடையும் ஏறத்தாழ எட்டு மீற்றர் நீளமும் உள்ள தனியாள் போட்டிப் படகு இங்கே கவிழும். ஆனால், கரையோரப் படகோட்டத்துக்கென்று அகன்ற படகுகள் இருக்கின்றன. அவற்றில் தனியாள் படகே 35 கிலோவும் ஆறு மீற்றரும். ஏறும் நீரைப் பின்பக்கமாகத் தாமே வெளியேற்றிவிடும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் படகுகளுக்கான கடற்கரைப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. மணலில் ஓடி, படகேறி, மிதவைகளைச் சுற்றி 250 மீற்றர் வலித்துச் சென்று, திரும்பி வந்து மீண்டும் மணலில் ஓடி முடிக்க வேண்டும். குருநகர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி எது?

கடற்றொழிலாளர்களுக்கு இடையூறு வரக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். சிறகுவலைகளும் கடலட்டை வளர்ப்புப் பண்ணை வேலிகளும் இல்லாத பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே காட்டட்டும். கடற்படை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவற்றின் அனுமதிகளை ஒரே கூட்டத்தில் பேசி முடிக்கத் தாங்கள்தான் அழைப்பு விடுக்க முடியும். இது குறித்து முன்பு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் வரவில்லை. அதனாலேயே தங்களிடம் வந்திருக்கிறோம்.

முதற்கட்டமாக நான்கு படகுகள், பிள்ளைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கிகள், நீச்சல் தெரிந்த ஒரு காவலர், ஒரு பயிற்றுநர் போதும். நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றமாட்டோம். அந்தப் பயிற்சியை முதலில் நானே இலவசமாகத் தருகிறேன். கொட்டகைக்கான மரமும் கூரைத் தகரமும் ஊரார் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இடத்தைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். காற்று எழும்புமுன், காலை ஆறு மணிக்கு வந்தால் நல்லது. எந்த நாள் என்று அறிவித்தால், பிள்ளைகளுடன் பண்ணைக் கரையில் காத்திருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும்
குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பெற்றோரும்