அடுத்தவர் உள்ளே வருவதற்குள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"தோள் இறங்கவே மாட்டேங்குதுப்பா" என்று போனில் சொன்னாய். கவுன்சலிங் அறையில் ஒரு நாளைக்கு ஆறு பேருடைய அழுகையைக் கேட்டால் தோள் ஏறத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் யோகா செய்து கழித்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைக்காதே. கந்துவட்டி மாதிரி ஏறிவிடும். ஒருவர் கிளம்பி அடுத்தவர் வருவதற்குள் இரண்டு நிமிடம் போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பாதம் முழுக்கத் தரையில் படும்படி சாய்ந்து உட்கார். மூக்கு வழியாக 4 எண்ணி இழு, 6 எண்ணி விடு. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சு வெளியேறும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணியும். விடுவதை நீளமாக வைப்பது அதனால்தான். திருமூலர் கணக்கிலும் இழுப்பது 16 மாத்திரை நேரம், விடுவது 32. நடுவில் 64 அடக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடு. பிரஷர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை அடக்கச் சொல்லித் தரவே கூடாது.

பெரும்பாலும் கெடுவது, "நல்லா இழுத்து விடுங்க" என்பதில்தான். நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். பதற்றம் கூடிவிட்டதென்று ஆள் இன்னும் வேகமாக இழுப்பார். வேகத்தோடு அளவையும் குறைக்கணும். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காத மூச்சே சரி. இழுக்கும்போது தோள் உயர்ந்தால் அது அதிகம்.

தோளுக்குத் தனி வைத்தியம் உண்டு. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை: இறுக்கி, பிறகு தளர்த்துவது. காதை நோக்கித் தோளை 5 நொடி தூக்கு, பாதி பலம் போதும். சட்டென்று விட்டுவிட்டு 20 நொடி சும்மா இரு. மூன்று தடவை. முழு பலம் போட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்த 20 நொடியைத்தான் எல்லாரும் முழுங்கிவிடுகிறார்கள். தளர்ச்சி எப்படி இருக்கும் என்று உடம்பு படிப்பதே அப்போதுதான். கடைவாய்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும்.

கனமான கதை கேட்ட பிறகு கண்ணை மூடாதே. கேட்டதெல்லாம் படமாக ஓடும். ஜன்னல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே செய். உன்னிடம் வருகிறவர்களையும் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே.

சாயங்காலம் 20 நிமிடம் நட. நம்ம தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவர்கள் அரசியல் பேசிக்கொண்டே நடப்பார்களே, அந்த வேகம்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. போன் பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டாலோ, வருகிறவர் அழுதும் உன் மனசு மரத்துப்போய் இருந்தாலோ மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காராதே. உன் சூப்பர்வைசரிடம் சொல்லி ஆட்களைக் குறைத்துக்கொள், நீயும் ஒரு கவுன்சலரைப் பார்.

அம்மா இட்லிப் பொடி கட்டி வைத்திருக்கிறாள், நாளை பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா