20 டாலர் நோட்டுல இருக்கற ஆளைப் பத்தி அமெரிக்க ட்ரெஷரிக்கு ஒரு திறந்த மடல்

நோட்டு டிசைன் முடிவு பண்ற பெரியவங்களுக்கு வணக்கம்.

1928லேர்ந்து பழைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் 20 டாலர் நோட்டுல உக்காந்திருக்காரு. 2016ல முன்பக்கம், அடிமைத்தனத்துலேர்ந்து தப்பிச்சு மத்தவங்களையும் மீட்ட ஹாரியட் டப்மன் வருவாங்க, ஜாக்சன் பின்பக்கம் போவாருன்னு சொன்னீங்க, 2019ல தள்ளிப் போட்டீங்க, 2021ல மறுபடி வேகப்படுத்தறோம்னு சொன்னீங்க, ஏடிஎம்ல எடுத்தா இன்னும் அதே மூஞ்சிதான் வருது. டப்மன் எப்போ வருவாங்கன்னு கேக்க நிறைய பேர் இருக்காங்க. நான் கேக்கறது வேற. பின்பக்கம் மட்டும் எதுக்கு அந்த ஆளு?

ஜாக்சனைத் திட்டறவங்க எல்லாரும் பழங்குடிகளை மேற்க துரத்தின 1830 சட்டத்தையும், அதனால செரோக்கி பழங்குடி மக்கள் ஊரை விட்டு நடந்த கண்ணீர்ப் பாதையையும்தான் சொல்வாங்க. அந்தச் சட்டத்துக்கு 16 வருஷம் முன்னாடி, 1814ல, படைத்தளபதியா இருந்தப்போ க்ரீக்ங்கற பழங்குடி மக்களுக்கு அவர் செஞ்சதை யாரும் பெருசா பேசறதில்ல. அதுலயும் எதிரிங்களை விடுங்க, தன் பக்கம் நின்னு சண்டை போட்டவங்களுக்கு என்ன செஞ்சாருன்னு பாருங்க.

1813ல ஆரம்பிச்ச அந்த க்ரீக் சண்டை மொதல்ல அவங்களுக்குள்ளயே வந்தது. அவங்க மண்ணுக்கு நடுவுல ஃபெடரல் ரோடு போட்டு குடியேறிகள் வண்டி வண்டியா வர ஆரம்பிச்சாங்க, ஒத்துப்போயிடலாம்னு ஒரு கூட்டம், விடவே கூடாதுன்னு ரெட் ஸ்டிக்ஸ்னு இன்னொரு கூட்டம். 1813 ஜூலைல ஃபுளோரிடா பக்கம் பென்சகோலால வெடிமருந்து வாங்கிட்டு வந்த ரெட் ஸ்டிக்ஸை பர்ன்ட் கார்ன்ங்கற இடத்துல அமெரிக்க மிலிஷியா (உள்ளூர் படை) தாக்கினாங்க, ஆகஸ்ட் 30 அன்னைக்கு ரெட் ஸ்டிக்ஸ் ஃபோர்ட் மிம்ஸ்ங்கற கோட்டைல பதிலடி குடுத்தாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம், மணல் சேந்து வாசல் கதவை மூட முடியல, உள்ள இருந்த பொம்பளைங்க குழந்தைங்கன்னு பல நூறு பேர் செத்தாங்க. அதை நான் மூடி மறைக்க வரல, கொடூரம்தான். ஆனா உள்ள செத்தவங்கள்ல கலப்பு க்ரீக் குடும்பங்களும் நிறைய இருந்தாங்க, அதைச் சொல்லாம "வெள்ளைக்காரங்களைக் கொன்னாங்க"ன்னு மட்டும் சொன்னா அது பாதிக்கதைதான்.

1814 மார்ச் 27, டாலபூசா ஆத்துல ஹார்ஸ்ஷூ பெண்ட்ங்கற இடத்துல பெரிய சண்டை. ஆறு வளைஞ்சு வர்ற இடத்துல குறுக்க மரச்சுவர் கட்டிட்டு சுமார் ஆயிரம் ரெட் ஸ்டிக்ஸ், தலைவர் மெனாவா. ஜாக்சன் ரெண்டு பீரங்கியை வச்சு ரெண்டு மணி நேரம் சுட்டும் சுவர் அசையல. அசைச்சது யாரு? அவர் பக்கம் வந்திருந்த செரோக்கிகள், ஆத்துல நீந்திப் போய் எதிரியோட படகுகளையே எடுத்துட்டு வந்து பின்னாடி பூந்தாங்க, மெக்கின்டாஷ்ங்கற தலைவர் கீழ ஒத்துப்போன கீழ் க்ரீக் (தெற்குப் பக்கத்து க்ரீக்) ஆளுங்களும் கூட இருந்தாங்க. 800 பேருக்கு மேல செத்தாங்க. களத்துல கிடந்த பொணங்களை எண்ணறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் மூக்கு நுனியை அறுத்தாங்க, அந்தக் கணக்கு 557. மெனாவா ஏழு காயத்தோட தப்பிச்சாரு.

இப்போ வாங்க, ஆகஸ்ட் 9. ஃபோர்ட் ஜாக்சன் ஒப்பந்தம். கையெழுத்து போட்டவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஜாக்சன் பக்கம் நின்ன தலைவர்கள்! 2 கோடி ஏக்கருக்கு மேல எழுதி வாங்கினாரு, இன்னைய அலபாமால பாதிக்கும் மேல, தெற்கு ஜார்ஜியாலயும் பெரிய துண்டு. "நாங்க உங்க கூட இருந்தோமே"ன்னு அதுல ஒருத்தரான க்ரீக் தலைவர் பிக் வாரியர் எவ்வளவோ வாதாடிப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. ஃபோர்ட் மிம்ஸ் தாக்குதலை நடத்தின வில்லியம் வெதர்ஃபோர்டை மன்னிச்சு விட்டாரு, அவர் அலபாமாலயே தோட்டம் துரவுன்னு வாழ்ந்து 1824ல செத்தாரு. கூட்டாளிக்கு மட்டும் நிலம் போச்சு. அந்த எல்லையை அளக்கப் போனவர் யாருன்னா, டல்லுஷாட்சீங்கற ரெட் ஸ்டிக்ஸ் ஊரை எரிச்ச, ஜாக்சனோட தளபதி ஜான் காஃபி. அதே வருஷ டிசம்பர்ல பிரிட்டனோட நடந்த 1812 போரை முடிக்கப் போட்ட கென்ட் ஒப்பந்தத்துல, பழங்குடிகளோட நிலத்தை 1811ல இருந்த மாதிரி திருப்பித் தரணும்னே இருக்கு, யாரும் தரல.

ஒரு தடவைதான்னாலும் பரவால்ல. ஜாக்சன் பிரசிடென்ட்டா இருந்த 1836ல, ஃபுளோரிடால செமினோல்ங்கற பழங்குடிகளுக்கு எதிரா சண்டைக்கு வாங்க, உங்க குடும்பத்தை நாங்க பாத்துக்கறோம்னு பல நூறு க்ரீக் வீரர்களை அனுப்பினாங்க. அவங்க அங்க சண்டை போட, இங்க முகாம்ல இருந்த குடும்பங்களை மிலிஷியா சூறையாடிச்சு. மறுவருஷம் அக்டோபர் 31 ராத்திரி, க்ரீக் மக்களை மேற்க கூட்டிட்டுப் போன மான்மத்ங்கற நீராவிக்கப்பல் மிசிசிப்பி ஆத்துல இன்னொரு கப்பல் மேல மோதி ஒடைஞ்சு 300 பேர் கிட்ட செத்தாங்க. ஃபுளோரிடால அமெரிக்காவுக்காகச் சண்டை போட்ட க்ரீக் தலைவர் ஜிம் பாயோட நாலு குழந்தைங்க அதுல போச்சு.

நான் இருக்கற அட்லாண்டாவே 1821 வரைக்கும் க்ரீக் நிலம், அதனால யோக்கியன் மாதிரி பேச எனக்கும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்கறேன். முன்பக்கத்துக்குத் தகுதி இல்லன்னு நீங்களே முடிவு பண்ண ஆளு பின்பக்கத்துக்கு மட்டும் எப்படித் தகுதி? அங்க வெள்ளை மாளிகை இருக்கே, அது போதும். ஜாக்சனைச் சுத்தமா எடுத்துடுங்க.

இப்படிக்கு,
அட்லாண்டாலேர்ந்து ஒரு தமிழன்