எடை மெஷினில் ஒரு கால்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை மகள் வார்டுக்கே எடுத்துவந்து கொடுத்தாள். பேத்தி வயலினை விட்டுவிட்டாள் என்று அவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறாயே! விடு. பத்து வயதில் விட்டதை இருபதில் தேடி எடுப்பவர்கள் உண்டு. நீ நச்சரிக்காமல் இருந்தால் சீக்கிரமே எடுப்பாள்.

"வலியே இல்லை என்றாய், பிறகு எதற்கு ரெண்டாவது ஆபரேஷன்?" என்று கேட்டிருந்தாய். உன் இடுப்பிலும் ஒரு செயற்கை மூட்டு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு வைத்தது 2001ல். உலோகப் பந்து, அது சுழலப் பிளாஸ்டிக் உள்ளுறை போட்ட ஒரு கிண்ணம். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். இதென்ன பெரிய கணக்கு என்று தோன்றும். ஆனால் தேய்ந்து உதிர்கிற தூள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன, ஜீரணிக்க முடிவதில்லை. அதனால் கிளம்பும் அழற்சி பக்கத்திலிருக்கும் நம் சொந்த எலும்பையே கரைக்கத் தொடங்குகிறது. இதெல்லாம் நடக்கும்போது வலி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் எக்ஸ்ரேயில் கிண்ணத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு குழி. முந்தின படத்தோடு வைத்துப் பார்த்தால் அது பெரிதாகியிருந்தது, கிண்ணமும் லேசாகச் சாய்ந்திருந்தது. நானோ கைத்தடிகூட இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தேய்மானம் பழைய வில்லன். இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு வழிபோட்ட சர்ஜன் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானில்தான் கிண்ணம் செய்தார். சில வருஷங்களிலேயே அவை தேய்ந்து, சுற்றிலும் திசு கட்டிபோலத் திரண்டு, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 1962ல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அந்தக் காலத்தில் இரண்டு பொருளையும் தன் தொடையில் தோலுக்கடியில் வைத்துக்கொண்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார். ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் இதைப் படித்தேன். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

காத்திருந்த நாட்கள் என்றேனே, உண்மையில் என்னைக் கலங்கடித்தது அவைதான். மூட்டு கழன்றதற்குக் காரணம் தேய்மானமா, கிருமியா என்று முதலில் தெரிய வேண்டும். ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்தார்கள், உடம்பில் அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனைகள். எக்ஸ்ரே பார்த்தபடி நீளமான ஊசியை மூட்டுக்குள் விட்டு நீர் எடுத்தார்கள். சில கிருமிகள் மெதுவாக வளருமாம், அதனால் அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு வாரம். கிருமி என்று வந்திருந்தால் மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டில் தற்காலிகமாக ஒன்றை வைத்து, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, அப்புறம் இன்னொரு ஆபரேஷன் என்று போயிருக்கலாம். கிருமி இல்லை என்று ஃபோன் வந்த அன்று, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறவள் மாதிரியே இல்லை நான். அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஆபரேஷனில் முதுகில் ஊசி போட்டு, அரைத்தூக்கத்தில் சுத்தியல் சத்தம்கூடக் கேட்டது, ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை நேரம் நிறைய ஆகும் என்று முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கால் என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் தொடையில் மார்க்கரால் அம்புக்குறி போட்டார் சர்ஜன். பக்கத்தில் இருபது வருஷத்துத் தழும்பு இருக்கும்போது அம்புக்குறி எதற்கு என்று கேட்டேன். "தழும்பை நம்பி நாங்கள் கத்தி எடுப்பதில்லை அம்மா" என்றார். பிடித்த பதில்.

பந்தைத் தாங்கித் தொடை எலும்புக்குள் இறங்கியிருந்த தண்டு அசையவே இல்லையாம், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இது பெரிய அதிர்ஷ்டம். சிமென்ட் போட்டு இறுக்கின தண்டை எடுக்க, சில பேருக்குத் தொடை எலும்பையே நெடுக அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும். எனக்குக் கிண்ணமும் பந்தும் மட்டும் மாற்றினார்கள். பழைய பந்து 28 மில்லிமீட்டர், புதிது 36. மறு ஆபரேஷன் ஆன மூட்டு நழுவ வாய்ப்பு அதிகம், பந்து பெரிதாக இருந்தால் அவ்வளவு சுலபமாக நழுவாது.

அந்தக் குழியை எதை வைத்து நிரப்பினார்கள் தெரியுமா? யாரோ ஒருவரின் எலும்பு. முதன்முறையாக இடுப்பு மாற்றிக்கொள்பவர்களிடமிருந்து வெட்டியெடுக்கும் தொடை எலும்பின் தலையை, அவர்கள் சம்மதித்தால், பரிசோதித்து ஆழ்குளிரில் உறையவைத்து எலும்பு வங்கியில் சேமிக்கிறார்கள். அதை அரைத்து என் குழியில் இட்டு, தட்டித் தட்டி இறுக்கியிருக்கிறார்கள். மெதுவாக என் எலும்பு அதற்குள் வளர்ந்து தனதாக்கிக்கொள்ளுமாம். தேய்ந்து போய், வேண்டாம் என்று எடுத்துப் போட்டது, இன்னொருத்திக்குச் சுவராகிறது. கொடுத்தவர் யார் என்று சொல்லமாட்டார்கள். இரவெல்லாம் விழித்துக் கிடந்தபோது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆணா பெண்ணா, இப்போது நன்றாக நடக்கிறாரா? 2001ல் என்னிடமிருந்து எடுத்த தலை என்ன ஆனது என்றும் கேட்கத் தோன்றியது. அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் உடனே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஏன் விழித்துக் கிடந்தேன் என்கிறாயா? ரத்தம் கட்டாமலிருக்கக் கெண்டைக்காலில் ஒரு உறை மாட்டியிருந்தார்கள், அது புஸ்ஸென்று இறுக்கும், விடும், மறுபடி இறுக்கும். கால்களுக்கு நடுவே முக்கோணத் தலையணை, புரள முடியாது. கண் செருகும் நேரம் பார்த்து நர்ஸ் வந்து, "பாதத்தை உங்க பக்கமா இழுங்க பார்க்கலாம்" என்பாள். முதலில் எரிச்சலாக இருந்தது. மூட்டுக்குப் பின்னால் போகும் பெரிய நரம்பு அடிபட்டிருந்தால் பாதம் தொங்கிவிடும், அதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அவள் கேட்கும் முன்பே இழுத்துக் காட்டினேன். வலி மருந்தால் வந்த மலச்சிக்கலைப் பற்றி எழுதவில்லை, உனக்குத் தெரியாததா?

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு முதல் தடவை. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு முழுக்காலையும் ஊன்றி வராந்தா வரை போய்வந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்? புது எலும்பு பிடிக்கும் வரை நான் முழு எடையை வைக்கக் கூடாது, ஆறு வாரம். எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பழக்க, ஃபிசியோ ஒரு எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். 15 கிலோவைத் தாண்டக் கூடாது. நின்று அழுத்தினேன், முள் 30க்குப் போனது. திரும்ப அழுத்தினேன், நாலைக்கூடத் தொடவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நடந்த காலுக்கு 15 கிலோ என்றால் என்னவென்று தெரியவில்லை! கண்ணை மூடிக்கொண்டு சரியாக அழுத்த வந்த பிறகுதான் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

இப்போது வீட்டில். ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் தினம் ஒரு ஊசி, நானே போட்டுக்கொள்கிறேன். குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. கழிப்பறை இருக்கையை உயர்த்தியாயிற்று. கீழே விழுந்ததை எடுக்க நீளக் கைப்பிடி இடுக்கி ஒன்று இருக்கிறது. அதை வைத்து மருமகனின் செருப்பை எடுத்துக் கொடுத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மூட்டு 2006. இப்போது வருகிற பிளாஸ்டிக் கதிர்வீச்சால் இறுக்கப்பட்டது, தேய்மானம் மிகக் குறைவு. உனக்கு வைத்தது எந்த வகை என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலே சர்ஜன் சொல்லிவிடுவார். 25 வருஷம் தாங்குபவை பத்தில் ஆறுக்குச் சற்றுக் குறைவு என்கிறது ஒரு பெரிய ஆய்வு. அந்த ஆறில் நீ இருக்கலாம். ஆனால் "ஒண்ணும் வலிக்கலையே, எதுக்கு எக்ஸ்ரே" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த வரிக்குத்தான் நான் இவ்வளவு எழுதியது. குழி சின்னதாக இருந்தபோதே பார்த்ததால்தான் எனக்கு அரைத்த எலும்பு போதுமாயிற்று. பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போ, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். தேதி வாங்கிவிட்டு எனக்கு எழுது. இந்த மாதத்துக்குள், தெரிகிறதா?

நாவல் ஏதாவது அனுப்பேன். தடிமனானது வேண்டாம், மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி