அலமாரிக்குள் வளர்ந்த பச்சைப்பயறு

உசிலம்பட்டி,
8.2.2025.

அன்புள்ள மலர்விழிக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனம் அமைதியடைந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். ஒரு மாதத்துக்காவது அடுப்படிப் புகையில் நிற்க விடாதே.

வரும் ஜூன் முதல் மழலையர் வகுப்பும் உன் பொறுப்பில் வரப்போகிறது என்று எழுதி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அறிவியல் என்று எதைச் சொல்லித் தருவது, அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். வாங்க வேண்டியது அதிகம் இல்லை, மலர். நாம் சொல்லித் தருவதைக் குறைத்துக்கொள்வதுதான் கடினம். அதைப் பழக எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டு நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, ஒரு கமலா ஆரஞ்சைத் தோலோடு போட்டேன், மிதந்தது. உரித்துப் போட்டேன், மூழ்கியது. பிள்ளைகள் வியந்து முடிப்பதற்குள் முந்திக்கொண்டு, "தோலுக்குள் காற்று இருக்கிறது, அதனால்தான் மிதக்கிறது" என்று விளக்கிவிட்டேன். எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். மறுவாரம் ஒரு கல் ஏன் மூழ்குகிறது என்று கேட்டபோது, "கல்லுக்குத் தோல் இல்லை டீச்சர்" என்றான் ஒருவன். அவன் மேல் பிழை இல்லை. நான் கொடுத்த சொல்லைத்தான் அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

இந்த ஆண்டு அதே ஆரஞ்சை எடுத்தேன்; ஆனால் உரித்ததைப் போடுவதற்கு முன்பு, மிதக்கும் என்பவர்கள் சன்னல் பக்கமும் மூழ்கும் என்பவர்கள் கதவுப் பக்கமும் உட்காரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் சன்னல் பக்கம் போனார்கள். தோலை எடுத்துவிட்டதால் பழம் இலேசாகிவிட்டது என்பது அவர்கள் கட்சி. ஐந்து வயதுக்கு அது நல்ல காரணம்தான். பழம் நேராக அடிக்குப் போனதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. வழக்கமாக வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து, பழத்தை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தான்; மூன்று முறை போட்டான். பிறகு மேசையில் கிடந்த தோல் துண்டுகளைத் தண்ணீரில் விட்டு, அவை மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் அந்தத் துண்டுகளைப் பழத்தின் மேல் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, "நூல் வேணும்" என்றான். சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். பழம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மிதந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த உதவி அந்த நூல் மட்டும்தான்.

பயிற்சிப் பள்ளியில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயைப் பற்றி நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? அகலமான பாத்திரத்திலிருந்து உயரமான பாத்திரத்துக்கு மாற்றிய தண்ணீர் கூடிவிட்டதாகச் சிறு பிள்ளைகள் சொல்வார்கள் என்றும், பொதுவாக ஏழு வயதை ஒட்டித்தான் அந்த எண்ணம் மாறும் என்றும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். டபராவிலிருந்து டம்ளருக்கு மாற்றியபோது என் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. தொட்டியையும் பாத்திரங்களையும் நாள்தோறும் அவர்கள் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன். ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும்.

இப்போது வகுப்பில் நடப்பது பயறு வளர்ப்பு. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1840இல் தம் மழலையர் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரை வைத்தபோது, அது வெறும் உவமையாக நிற்கவில்லை. பிள்ளைகளுக்கென்று தனித்தனிப் பாத்திகளும் அந்தத் தோட்டத்தில் இருந்தன. எங்களுக்கு அவ்வளவு இடம் இல்லாததால், தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பி, இரவு முழுவதும் ஊறிய பச்சைப்பயற்றை ஊன்றினோம். பாதிச் சிரட்டைகள் சன்னலோரத்தில். மீதி அலமாரிக்குள், கதவைச் சாத்தி. எட்டு நாள் கழித்துத் திறந்தபோது, சன்னலோரத்துச் செடிகள் குட்டையாகவும் பச்சையாகவும் நிற்க, உள்ளே இருந்தவை மெலிந்து, வெளிர் மஞ்சளாக, இருமடங்கு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வெளிச்சம் இல்லாத செடி, விதையில் இருக்கும் உணவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவிட்டு வெளிச்சத்தைத் தேடுகிறது என்பதும், பச்சையம் உண்டாக ஒளி வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். வகுப்பில் நான் அதைச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு சிறுமி, "இது முளைப்பாரி! எங்க அப்பத்தா இருட்டு அறையிலதான் வளர்ப்பாங்க" என்று கூவிவிட்டாள். நானும் சிறுவயது முதல் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவள். அது ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அப்பத்தாவை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன்.

நீ கேட்டபடி, வேண்டியவை: அகலமான தொட்டி, வெவ்வேறு வடிவப் பாத்திரங்கள், எடுப்பான கைப்பிடி உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி, ஊன்றுவதற்குப் பயறு வகைகள், ஒரு காந்தம். காந்தம் மட்டும் கை நிறையப் பிடிக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். சிறு காந்தங்கள் இரண்டை ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. பயற்றை மூக்கில் போட்டுக்கொள்வார்கள் என்பதையும் மறக்காதே. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கு.

பெற்றோர் சிலர் நோட்டு வெறுமையாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. கட்டணம் கட்டுகிறவர்களுக்குக் கண்ணில் படுவது நோட்டு ஒன்றுதான். பிள்ளைகள் வரைந்த பயறு படங்களைத் தேதியிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டி, மாலையில் அழைத்துப் போக வருபவர்களுக்கு அந்தப் பிள்ளைகளையே விளக்கச் சொன்னேன். அதன் பிறகு கேள்வி குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.

நேற்று மாலை அலமாரிச் சிரட்டைகளில் மூன்றை வெயில் படும் சன்னலுக்கு மாற்றினோம். பச்சையாகிவிடும் என்று பதினோரு பேர், செத்துவிடும் என்று ஒன்பது பேர், இரவில் மறுபடி மஞ்சளாகிவிடும் என்று ஒருத்தி மட்டும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது; அதற்கு முன்னதாகவே போய்விடுவேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தமிழரசி