லோலோ காட்டில் எல்க் மான் குறைந்தது ஏன்? மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

லூயிஸ்டன், ஐடஹோ, அமெரிக்கா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். பெரியவனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே எல்லோரும் நலம். மில்லில் ஷிஃப்ட் மாறிவிட்டதால் காலையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அதனால் இந்த முறை நீளமாகவே எழுதப் போகிறேன்.

"உங்கள் ஊரில் அக்டோபர் வந்தால் ஆளாளுக்குத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறார்களே, அப்புறம் மான் ஏன் குறையாது?" என்று கேட்டிருந்தாய். மான் குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு யார் காரணம் என்பதில் வேட்டைக்காரர்களே இரண்டு மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். மில் கேன்டீனில் இந்தப் பேச்சு எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும்.

முதலில் எல்க் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நம் கடமானின் சொந்தக்காரன் மாதிரி, ஆனால் இன்னும் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். ஒன்றைச் சுட்டால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுப்பார், நான் மிளகு அரைத்துப் போட்டு வறுப்பேன். யார் வேண்டுமானாலும் போய்ச் சுட முடியாது. லைசென்ஸ் வேண்டும், அதற்கு மேல் ஒரு விலங்குக்கு ஒரு 'டேக்' என்ற சீட்டு வாங்க வேண்டும். எந்தப் பகுதியில், எந்தத் தேதிக்குள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் மாநில வனவிலங்குத் துறை வகுத்திருக்கும் விதி. அந்தத் துறையே பெரும்பாலும் இந்த லைசென்ஸ் பணத்திலும் துப்பாக்கி, தோட்டா மீதான வரியிலும்தான் ஓடுகிறது. மான் இல்லாமல் போனால் முதல் நஷ்டம் வேட்டைக்காரனுக்குத்தான் என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

சண்டை நடப்பது எங்களுக்குக் கிழக்கே இருக்கும் லோலோ பகுதியைப் பற்றி. லாக்ஸா ஆறும் கிளியர்வாட்டர் ஆற்றின் வடகிளையும் ஓடுகிற, சாலை அதிகம் இல்லாத பெரிய மலைக்காடு. 1989-ல் அங்கே ஏறத்தாழ 16,000 எல்க் இருந்தன. 2010-ல் எண்ணியபோது 2,100 சொச்சம். 2017-ல் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தாத்தா கூடாரம் போட்ட அதே இடத்தில் அப்பாவும், அப்புறம் தானும் கூடாரம் போட்ட ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் மல்லிகா. செப்டம்பரில் ஆண் எல்க் எழுப்புகிற ஊளைச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்குமாம். இப்போது ஒரு வாரம் தங்கினாலும் ஒன்றுகூடக் கேட்பதில்லை என்று சொல்லும்போது அவர்கள் குரல் கம்மிவிடுகிறது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் சொல்கிற காரணம் ஓநாய். 1995, 96-ல் கனடாவிலிருந்து 35 ஓநாய்களைக் கொண்டுவந்து மத்திய ஐடஹோவில் விட்டார்கள். மாநில அரசு அதில் கை வைக்க மறுத்ததால், ஓநாய்களைக் கண்காணிக்கும் வேலையை நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் ஏற்று நடத்தினார்கள். பத்தே வருடத்தில் ஓநாய் மாநிலத்தின் பல பகுதிகளுக்குப் பரவிவிட்டது. எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கணக்கு ரொம்ப எளிது: ஓநாய் வந்தது, மான் போனது. அவர் பேச்சைத் தள்ளிவிடவும் முடியாது. கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி எல்க்குகளைத் தொடர்ந்து பார்த்ததில், லோலோவில் வளர்ந்த பெண் எல்க் சாவதற்கு முக்கியக் காரணம் ஓநாய்தான் என்று துறையே சொன்னது. 2014 பிப்ரவரியில் ஹெலிகாப்டரிலிருந்து 23 ஓநாய்களைச் சுட்டார்கள். 2021-ல் சட்டத்தை மாற்றி, ஓநாய் வேட்டைக்கு இருந்த தடைகளில் பலவற்றை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் வருடங்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பார். 1998 வாக்கில் லோலோவின் எல்க் பாதிக்குக் குறைந்துவிட்டது. அந்தக் காட்டில் ஓநாய் அப்போதுதான் வந்து குடியேற ஆரம்பித்திருந்தது. 1996-97 குளிர்காலம் பயங்கரமானது, ஆளுயரப் பனியில் மான்கள் பட்டினியால் செத்தன. அதற்கும் முன்பே, பிறக்கிற கன்றுகளில் பிழைப்பவை குறைந்துகொண்டுதான் வந்தன. கோடையில் கருங்கரடியும், வருடம் முழுக்கப் பூமா என்கிற பெரிய காட்டுப் பூனையும் கன்றுகளைத் தின்றன. சில இடங்களில் கரடியைக் கூடுதலாகச் சுட அனுமதித்துப் பார்த்தபோது, கன்றுகள் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்தன.

சரி, அந்த 16,000 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேன்டீனில் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

1805 செப்டம்பரில் மேற்கே வழி தேடி வந்த லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு அமெரிக்கப் பயணிகள் தங்கள் கூட்டத்தோடு இதே லோலோ மலைப்பாதையில் வந்தார்கள். அடர்ந்த காடு, சுடுவதற்கு மான் அகப்படவில்லை. பசி தாங்காமல் கூட இருந்த குதிரைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். அந்த ஓடைக்குக் குட்டியைக் கொன்ற ஓடை என்றே பெயர் வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கியதும் நெஸ் பெர்ஸ் மக்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். ஆக, அந்த மலைக்காடு எப்போதும் மான் நிறைந்து கிடந்த இடமில்லை.

1910 ஆகஸ்டில் இந்தப் பக்கத்து மலைகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். 1919-லும் 1934-லும் மறுபடி பெரிய தீ. கருகிய மலைச்சரிவுகளில் வெயில் விழுந்தது. புதர்கள் தழைத்தன. இங்கே 'ரெட்ஸ்டெம்' என்கிற ஒரு புதர் உண்டு, அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் தூங்கிக் கிடக்கும், தீயின் சூடு பட்டால்தான் முளைக்கும். எல்க்குக்குக் குளிர்காலத்தில் அதைவிட நல்ல தீனி கிடையாது. அந்தப் புதர்க்காட்டில்தான் எல்க் பெருகியது. கேன்டீனில் இன்று எல்லோரும் ஏங்குகிற அந்தப் பெரிய மந்தை நெருப்பு பெற்ற பிள்ளை.

1935-லிருந்து வனத்துறை, எங்கே தீ பிடித்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று விதி வைத்தது. புதர் ஆளுயரத்துக்கும் மேலே போய் மானின் வாய்க்கு எட்டாமல் ஆனது, பிறகு ஊசியிலை மரங்கள் அதை மூடிவிட்டன. நிழலில் தீனி இல்லை. 1973-ல் முடிந்த டுவர்ஷாக் அணையும் ஆற்றோரத்தில் மான்கள் பனிக்கு ஒதுங்குகிற தாழ்ந்த நிலத்தை மூழ்கடித்துவிட்டது. கோடையில் வயிறு நிறைய மேயாத பெண் எல்க் சினை பிடிக்காது. பிடித்தாலும் கன்று மெலிந்து, தாமதமாகப் பிறக்கும். அந்தக் கன்றுக்குக் கரடியிடமிருந்து ஓடவும் தெம்பிருக்காது, முதல் பனியைத் தாங்கவும் கொழுப்பிருக்காது.

அதனால்தான் சூப்பர்வைசரிடமும் ஓநாய்ப் பிரியர்களிடமும் நான் ஒரே பதிலைச் சொல்கிறேன். எத்தனை மான் வாழலாம் என்று காடு தீர்மானிக்கிறது. விழுந்த மந்தை எழுந்திருக்க முடியுமா என்பதை ஓநாயும் கரடியும் பூமாவும் தீர்மானிக்கின்றன. ஆயிரம் மான் மிஞ்சியிருக்கும்போது ஓநாய் தின்கிற ஒவ்வொன்றும் பெரிய இழப்புதான், அதை மறுப்பவர்கள் காட்டுக்குள் போனதில்லை. ஆனால் ஓநாய் முழுவதையும் சுட்டுத் தீர்த்தாலும் அந்த இருட்டுக் காட்டில் 16,000 எல்க்குக்குத் தீனி எங்கே இருக்கிறது? ஐடஹோ முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் எல்க் உண்டு, ஓநாயும் பல இடங்களில் உண்டு. லோலோ மாதிரி எல்லா இடமும் விழவில்லை. "வயலோரத்தில் ஓநாய் வந்தால் பண்ணைக்காரன் சுடுவான், லோலோவில் யார் சுடுவது?" என்று சூப்பர்வைசர் மடக்குவார். நியாயமான கேள்வி. அந்த வயலோரம் திறந்த வெளியாகவும் இருக்கிறது, தீனியும் இருக்கிறது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஓநாயைப் பற்றி ஊரே பேசுகிறது, சட்டமன்றம் பேசுகிறது. காட்டுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கலாம், தானாகப் பிடிக்கும் தீயில் சிலவற்றை எரிய விடலாம் என்று சொன்னால் அத்தனை பேர் குரல் கொடுப்பதில்லை. ஓநாயைச் சுட்டால் அடுத்த வருடமே கணக்குக் காட்டலாம். எரிந்த சரிவில் புதர் வந்து மந்தை பெருக இருபது முப்பது வருடம் ஆகும், நடுவில் ஆகஸ்ட் மாதப் புகையில் எல்லோரும் இருமவும் வேண்டும். போன கோடையில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அப்படியிருந்தும் தீ வேண்டும் என்றுதான் சொல்வேன். நெஸ் பெர்ஸ் மக்கள் பழைய நாளில் தாங்களே தீ வைத்து நிலத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அங்கேதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடி மக்கள் கோடைக்கு முன்பே சருகுக்குச் சின்னத் தீ வைப்பார்கள், அதைத் தடுத்த பிறகு உண்ணிச்செடி ஏறிவிட்டது என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? கூடலூர் பக்கத்துக் குறும்பர் பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்களா? புல் எந்த இடங்களில் போயிற்று, மான் எங்கே மேய்கிறது என்று உன் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு விரிவாக எழுது. சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டி மொழிபெயர்த்துச் சொல்வேன், அவருக்கும் ஆர்வம் உண்டு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
தேவி